தோணிக்காரிக்கு ஐந்து ஊர்

பூவந்துறை,
14.7.2024

அன்புத் தங்கை விஜயஸ்ரீக்கு அக்கா பேச்சித்தாய் எழுதுவது. நானும் உன் அத்தான் மணிராஜும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நம் ஊரில் மாடிப்படி குறைவு என்பதால் சமாளிக்கிறேன். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது?

சாவுச் செய்தி என்றால் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று நாம் போட்ட ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம். போனில் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் கோபப்பட்டால் கை வலித்தாவது நிறுத்திவிடுவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் ஐந்து ஊர்கள் கை கோத்திருக்கின்றன. பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, கடைசியாக நம் பூவந்துறை. 'பொருநை ஊர்கள் கூட்டமைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தை மாதத்தில் ஒரு நாள் வெளியூர்க்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராகக் கூட்டிப்போய் அருவி, மரச்சொப்பு, அப்பளம், பாய் எல்லாம் காட்டுவார்களாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கலை நிகழ்ச்சி. செயலாளர் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி வீடு தேடி வந்து நம் வில்லுப்பாட்டைக் கேட்டார். தோணிக்காரி அம்மன் கதை பாடுகிறோம் என்றேன். பன்னிரண்டு நிமிடம் என்றார்.

பொறுமையாகச் சொன்னேன். தோணிக்காரி பாபநாசத்து மலையடியில் பிறந்தவள். அம்பாசமுத்திரத்தில் தோணி வாங்கினாள். கல்லிடைக்குறிச்சித் துறையில் வெள்ளத்தில் சிக்கிய நாற்பது பேரைக் கரை சேர்த்தாள். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பேரும் புகழுமா என்று பொறாத பண்ணையார்கள் அவளை நடு ஆற்றில் வெட்டிப் போட்டார்கள். உடல் சேரன்மகாதேவியைத் தாண்டி மிதந்து வந்து நம் துறையில் ஒதுங்கியது. இங்கேதான் அவள் அம்மன் ஆனாள். இதைப் பாட ஆறு மணி நேரம் வேண்டும். "அண்ணாச்சி, பன்னெண்டு நிமிசத்துல அவ தொட்டில்ல இருந்தே எறங்க மாட்டா" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, அப்படியும் குறைக்கத்தான் சொன்னார்.

எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஆசையும் இருக்கிறது. போன டிசம்பர் வெள்ளம் நம் மூன்று கிலோமீட்டர் ரோட்டை அரித்துப் போனதிலிருந்து டவுன் பஸ் ஊருக்குள் வருவதில்லை. மேலத்தெரு சுகிர்தாவைப் பிரசவ வலியோடு டிராக்டரில் கொண்டுபோனோம். எத்தனை மனு கொடுத்தும் அசைவில்லை. ஊரைப் பார்க்க வெளியாள் பஸ்ஸில் வந்தால் ரோடு போடாமல் எப்படி இருப்பார்கள்?

பயணத் திட்டத்தை ஒரு சென்னைக் கம்பெனி போடுகிறதாம். நீ இருப்பதும் அந்த மாதிரிக் கம்பெனிதானே? யார் என்று தெரியுமா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா பேச்சி


சென்னை,
2.8.2024

என் அக்காவுக்கு விஜியின் வணக்கம். கழுத்து அப்படியே இருக்கிறது, திருப்பினால்தான் வலி. எனவே யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தானைத் தினமும் மாத்திரை போடச் சொல்.

ஐந்து ஊர் செய்தி கேட்டு மகிழ்ச்சி. ஆனால் பன்னிரண்டு நிமிடம் என்றால் சண்டை பிடிக்காதே. இப்போதெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை. அவள் நாற்பது பேரைக் கரை சேர்க்கும் இடம் மட்டும் பாடினால் போதும். மங்களகரமாக இருக்கும், கைதட்டலும் வரும். வெட்டு குத்து, பிணம் எல்லாம் சுற்றுலா வந்தவர்களுக்கு எதற்கு?

ஆபீஸில் ஏகப்பட்ட வேலை. ஆடி வெயிலில் நீ அலையாதே. அம்மன் சன்னதியில் எனக்காக ஒரு விளக்குப் போடு.

உன் விஜி


பூவந்துறை,
20.8.2024

அன்பு விஜிக்கு அக்காவின் ஆசிகள். அத்தான் மாத்திரை போடுகிறார். குடத்தில் தாளம் போடும் கைக்கு ரத்தக்கொதிப்பு வருமா என்று டாக்டரிடம் கேட்டு அவரையே யோசிக்க வைத்துவிட்டார்.

விளக்குப் போட்டேன். எதற்கென்று தெரியாமல் போட்டேன். நான் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லையே.

நீ ஊரை இப்போது பார்க்க வேண்டும். துறையில் கிடந்த முள்ளையும் பழந்துணியையும் பெண்கள் நாங்கள் நாற்பது பேர் மூன்று நாள் அள்ளினோம். படிக்கட்டு பளிச்சென்று தெரிகிறது. பள்ளிக்கூடச் சுவரில் தோணிக்காரியை வரைந்திருக்கிறார்கள். மூக்கு கொஞ்சம் கோணல், ஆனால் துடுப்பைப் பிடித்த பிடி சரியாக இருக்கிறது. பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று அதற்குள் இரண்டு தெருவுக்கும் தகராறு. வராத பஸ்ஸுக்கு வந்த முதல் சண்டை இதுதான்.

வரைபடம் அச்சாகிறதாம். நம் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! மறுபடியும் கேட்கிறேன், அந்தக் கம்பெனியில் உனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?

அக்கா


பூவந்துறை,
29.9.2024

விஜயஸ்ரீக்கு.

நாற்பது நாள் ஆயிற்று. உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று பயந்துகொண்டிருந்தேன். இல்லை என்று நேற்றுத் தெரிந்தது.

வரைபடம் வந்திருக்கிறது. வழவழப்பான தாள். அருவி இருக்கிறது, சொப்பு இருக்கிறது, அப்பளம் இருக்கிறது, பாய் இருக்கிறது. ஊர்கள் நான்கு. பூவந்துறை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வளைந்து போகிறது, அதன்மேல் ஒரு கம்பெனி முத்திரை. முத்திரைக்குக் கீழே சிறிய எழுத்தில் 'பயணத் திட்டம், வரைபடம்: விஜயஸ்ரீ' என்று போட்டிருக்கிறது.

அத்தான் கண்ணாடி போடாமல் படித்தார், பிறகு கண்ணாடி போட்டும் படித்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் பெயர் உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் வைத்த பெயரா என்ன? ஆனால் என்னிடம் நீ சொல்ல வேண்டும்.

பேச்சித்தாய்


சென்னை,
10.10.2024

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

அது நான்தான். ஜூலையில் உன் முதல் கடிதம் வந்தபோதே வேலை என் மேஜையில் இருந்தது. முதல் வரைவில் ஐந்து ஊரும் இருந்தன. ஒரே நாளில் ஐந்து முடியாது, ஒன்றைக் குறை என்றார் மேலாளர். ரோடு இல்லை, தங்கும் விடுதி இல்லை, துறைக்குப் பக்கத்திலேயே சுடுகாடு. நீயே சொல், பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது எரிமேடை. நம் ஊரை நான் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். கூட்டமைப்பும் மறுப்புச் சொல்லவில்லை.

ஒன்று செய்திருக்கிறேன். நான்கு ஊரிலுமே உன் குழுவுக்குப் பன்னிரண்டு நிமிடம் வாங்கியிருக்கிறேன். வேறு எந்தக் குழுவுக்கும் இது கிடைக்கவில்லை. நாலு இடத்திலும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போகலாம், சிரமம் இல்லை. சம்மதக் கடிதம் மட்டும் அனுப்பிவிடு.

ஊரில் யாரிடமும் என் பெயரைச் சொல்லாததற்கு நன்றி.

விஜி


பூவந்துறை,
21.10.2024

விஜிக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது. கோபம் வந்ததிலிருந்து படி ஏறுகிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ரோடு இருக்கிறது, விடுதி இருக்கிறது, மேலாளர் இருக்கிறார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தபாலில் விழுந்துவிட்டதோ என்று உறையைக்கூட உதறிப் பார்த்தேன்.

சுடுகாடு என்கிறாய். மற்ற நாலு ஊரிலும் யாரும் சாவதில்லையா? அந்த எரிமேடைக்குப் பக்கத்தில்தான் நம் அப்பா உடுக்கை அடித்தார், நீ எட்டு வயதில் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் இடப்பக்கம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடினாய். அப்போது உனக்குப் பயமாக இருந்ததாக நினைவில்லை.

சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டேன். நாலு ஊரிலும் பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடம் பாடுவோம், ஒரு நிமிடம் கூடாது. ஆனால் ஒரே பாட்டை அல்ல. பாபநாசத்தில் அவள் பிறப்பாள். அம்பாசமுத்திரத்தில் தோணி வாங்குவாள். கல்லிடைக்குறிச்சியில் நாற்பது பேரைக் கரை சேர்ப்பாள். சேரன்மகாதேவியில் வெட்டுப்பட்டு ஆற்றில் விழுவாள். அத்தோடு நாலாவது பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிடும்.

வில்லுக்கு உள்ள முறை உனக்குத் தெரியும். கதையைத் தொடங்கி அம்மனை அழைத்துவிட்டால் கடைசியில் வாழ்த்தாக வாழி பாடுகிறவரை நாணைத் தளர்த்தக் கூடாது. வாழியை அவள் ஒதுங்கிய இடத்தில்தான் பாட முடியும். ஆகவே பூட்டிய வில்லை வேனில் வைத்து, மணி குலுங்கக் குலுங்க ஊர் ஊராகக் கொண்டுபோவேன். நாலாவது ஊரில் பிணத்தை ஆற்றில் விட்டுவிட்டு என்ன செய்வது என்று கூட்டமைப்பு யோசிக்கட்டும்.

இதை உன் மேலாளரிடம் சொல்வதானால் சொல். நான் உன்னைப்போல் எதையும் மறைக்கவில்லை.

அக்கா


சென்னை,
30.11.2024

அக்காவுக்கு வணக்கம். இங்கே மழை. கழுத்து வலி தேவலாம், இப்போது திருப்ப முடிகிறது.

போன வாரம் ஆபீஸில் கூட்டம். ஊர்வாரியாக நிகழ்ச்சிகளைப் படித்தார்கள். உன் குழுவின் முறை வந்தது. "வில்லுப்பாட்டு, பன்னிரண்டு நிமிடம், நான்கு இடங்கள்" என்றேன். எந்தப் பகுதி என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை.

பொதுவான ஒரு தகவல். சேரன்மகாதேவி நிகழ்ச்சி மதியம் மூன்றே காலுக்கு முடியும். அதன்பிறகு டீ குடிக்கவும் கடை பார்க்கவும் இரண்டு மணி நேரம் விட்டிருக்கிறேன். மற்ற ஊர்களில் அரை மணிதான். ரயில் இரவு எட்டு மணிக்கு. அங்கிருந்து பூவந்துறை பதினொரு கிலோமீட்டர் என்பது உனக்கே தெரியும்.

விஜி


பூவந்துறை,
5.1.2025

அன்புள்ள விஜிக்கு (இந்த முறை அன்பைப் போட்டிருக்கிறேன், கவனித்துக்கொள்).

எல்லோரும் சுகம். டீ குடிக்க இரண்டு மணி நேரம் என்பதைப் படித்துவிட்டு அத்தான் வெகுநேரம் சிரித்தார்.

ரோட்டு வேலை நடக்கிறது. போடுகிறவர்கள் நாங்கள். வெள்ளத்தில் ஒதுங்கிய சரளையைக் கூடையில் அள்ளிப் பள்ளம் பள்ளமாக நிரப்புகிறோம். இதெல்லாம் தார் ஆகுமா என்று பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டார். "தாரு ஆவாது வே, வழி ஆவும்" என்றார் அத்தான்.

சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி வந்து, பஸ்ஸிலேயே ஏறிக்கொள்ளுங்கள், வில்லைக் கழற்றி உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் நாணை அவிழ்க்க மாட்டோம் என்றேன். பழக்கம் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். பாட்டைக் கேட்கத்தான் நேரம் இல்லை.

ஒரு குறை இருக்கிறது. இடப்பக்கம் பாட இன்னும் ஆள் சரியாக அமையவில்லை. பக்கத்து ஊர்ப் பெண் வருகிறாள். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் தோணிக்காரி சாகும் இடத்தில் அவசரப்படுகிறாள். இதைச் சும்மா எழுதினேன்.

அக்கா


சென்னை,
23.1.2025

என் அக்காவுக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? மிளகுப் பால் குடித்தாயா? அன்று வேனில் இருந்த உனக்கு, பயணிகளை நான் கூட்டிவந்த பஸ்ஸில் நடந்தது தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

பாபநாசத்தில் நீ தொட்டிலோடு நிறுத்தியபோது பயணிகள் கைதட்டினார்கள். "மீதி அம்பாசமுத்திரத்துல" என்று நீ சொன்னதை வேடிக்கை என்று நினைத்தார்கள். அம்பாசமுத்திரத்தில் அவள் தோணி வாங்கியதும், அடுத்த ஊர் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அருவியில் எடுத்த படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பஸ் ஜன்னல் வழியாக முன்னால் போகும் உன் வேனையே பார்த்தார்கள். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சேரன்மகாதேவியில் நீ அவளை வெட்டி ஆற்றில் போட்டு, வில்லை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, "ஒடம்பு ஆத்தோட போவுது" என்று எழுந்து நின்றாய். சரியாகப் பன்னிரண்டு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தேன். கைதட்டல் இல்லை. அண்ணாச்சி மைக்கை வாங்கி, எல்லோரும் டீ குடிக்கலாம் என்றார். அப்போது பாய்க் கடை போட்டிருந்த பத்தமடை மைதீன் பாத்திமா எழுந்தார். "ஒரு பொம்பளய வெட்டி ஆத்துல போட்டுட்டு டீ குடிக்கச் சொல்லுதீயளா? மீதிய எங்கன பாடுவீய?" என்று கேட்டார். நீ அவரைப் பார்த்தாய், அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. "பூவந்துறையில" என்றாய். மணிச்சத்தத்தோடு வேன் கிளம்பிவிட்டது.

அண்ணாச்சி என்னிடம் வந்து, பஸ் போக முடியாது என்று நீயே சொல்லிவிடம்மா என்றார். அந்த நேரம் பார்த்து மேலாளரும் போனில் வந்தார். அனுமதி இல்லை, ரோடு இல்லை, பஸ்ஸுக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்றார். பயணிகள் நாற்பது பேரும் இருக்கையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்வானேன், வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன்.

டிரைவர் ரெக்சன் உவரிக்காரர். அப்பா, தாத்தா எல்லாம் கடலில் தொழில் செய்தவர்கள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்கூர்ல ஒடம்பு தண்ணியில கெடக்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் அத விட்டுட்டுக் கரையேற மாட்டான். நீங்க சொல்லுங்க, நான் ஓட்டுதேன்."

நான் போனை அணைத்துவிட்டு மைக்கை எடுத்தேன். "அடுத்த ஊர் பூவந்துறை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த மூன்று கிலோமீட்டர் சரளையில் பஸ் பைய நடந்தே வந்தது. இரண்டு பக்கமும் நீங்கள் எல்லாம் கூடையோடு நின்றீர்கள். ஒருத்தி பஸ்ஸுக்கு முன்னால் ஓடி ஒரு பள்ளத்தில் கடைசிக் கூடையைக் கொட்டினாள். சுகிர்தா, இடுப்பில் பிள்ளையோடு. எரிமேடைக்கு எதிரே இறங்கினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் ஒதுங்கிய இடம் எது என்றுதான் கேட்டார்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் முடியும்வரை இருக்க முடியவில்லை. நன்றாகப் பாடினாய்.

விஜி


பூவந்துறை,
2.2.2025

விஜிக்கு அக்காவின் ஆசிகள். மிளகுப் பால் குடித்தேன். தொண்டை வந்துவிட்டது.

ரயில் எட்டு மணிக்கு. நான் வாழி பாடியது ஐந்தரைக்கு. பயணிகள் அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஆறு மணிக்குத்தான் பஸ் ஏறினார்கள். நீ மட்டும் முன்னாடியே போய்ப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டாய். கூட்டத்துக்குப் பின்னால் நீ வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பெண் திணறிய இடத்தில் உன் வாய் அசைந்ததையும் பார்த்தேன். ஊர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஓடினாய் என்று எழுதினால் என்னடி? அக்காவிடம்தானே எழுதுகிறாய்.

கூட்டமைப்பு வந்தது. கூட்டம் இவ்வளவு சேரும் என்று நினைக்கவில்லையாம். அடுத்த வருடம் பூவந்துறையை முதல் ஊராக வைக்கிறோம் என்றார் அண்ணாச்சி. "செத்தவ ஆத்த எதுத்து நீந்த மாட்டா அண்ணாச்சி, அஞ்சாவதாவே வைங்க" என்றேன். நேரத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். அடுத்த முறை ஊருக்கு ஒரு மணி நேரம்.

ரோட்டை டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தார் வரும்வரை கூடையைக் கீழே வைப்பதாக இல்லை.

உன் கம்பெனி உன்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறது என்று ரெக்சன் தம்பி போனில் சொன்னார். எழுதிக் கொடுக்காதே. பங்குனியில் அம்மன் கொடை விழாவுக்கு இடப்பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.

அக்கா


சென்னை,
12.2.2025

என் அக்காவுக்கு விஜியின் வணக்கங்கள். நான் சுகம். கழுத்து இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புகிறது.

வெட்கப்பட்டுத்தான் ஓடினேன். பிள்ளையை வைத்துக்கொண்டு கூடை சுமந்தவளைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு உன் பக்கத்தில் வந்து உட்காருவது?

நீ வேண்டாம் என்றாய், ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு வேலையில் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர்கள் பாடு. எப்படியானாலும் பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் முன்பே வந்துவிடுவேன். தோணிக்காரி சாகும் இடத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாடிப் பழக வேண்டும். நகலைக் கீழே எழுதியிருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்டு, பெயரையும் சேர்த்து.

உன் தங்கை
விஜயஸ்ரீ

*மேலாளர் அவர்களுக்கு,*

*ஜனவரி 18 அன்று பயணிகளை வரைபடத்தில் இல்லாத ஊருக்கு அழைத்துச் சென்றதற்கு மன்னிப்புக் கேட்கும்படி சொல்லியிருந்தீர்கள்.*

*அந்த ஊர் முதல் வரைபடத்தில் இருந்தது. ஏதாவது ஓர் ஊரைக் குறைக்கச் சொன்னீர்கள். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது நான். ரோடு இல்லை, சுடுகாடு இருக்கிறது என்று காரணம் எழுதிக் கொடுத்ததும் நான். அது நான் பிறந்த ஊர் என்பதை உங்களிடம் சொல்லவில்லை. எடுத்தது நான்தான் என்பதை அந்த ஊரிடமும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பயணிகளை அங்கே அழைத்துப்போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.*

*இப்படிக்கு,*
*விஜயஸ்ரீ, பூவந்துறை.*

*நகல்: பேச்சித்தாய் மற்றும் ஊரார், பூவந்துறை.*